பசியிலிருந்து நோன்புக்கு

பசித்திருத்தல் வேறு, நோன்பிருத்தல் வேறு. முன்னது உடலின் நிலை. பின்னது உள்ளத்தின் பயிற்சி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதே இரமலான் மாதத்தில் ஒரு முஸ்லிம் மேற்கொள்ளும் பயணம். ஜொகூர் மாநிலத்துத் தமிழ் முஸ்லிம்கள் கடந்துவந்த காலங்களை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற இரண்டாம் ஆண்டில், கி.பி. 624இல், இரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது. மாந்தர் இறையச்சம் உடையோராதலே அதன் நோக்கமெனத் திருக்குர்ஆன் உணர்த்துகின்றது. கி.பி. 1111இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, நோன்பினை மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார். உணவையும் இச்சையையும் விலக்குதல் முதற்படி. கண், செவி, நா, கை, கால் ஆகியவற்றைத் தீமையினின்று காத்தல் இரண்டாம் படி. இறைவனையன்றிப் பிறிதொன்றை நினையாதவாறு உள்ளத்தை நிறுத்துதல் மூன்றாம் படி. பகலெல்லாம் பட்டினி கிடந்து, அந்தி சாய்ந்ததும் வயிறு புடைக்க உண்போர் நோன்பின் பயனை இழப்பர் என்றும் அவர் எச்சரித்தார்.

ஜொகூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய நிலம். ஆதலின், இரமலான் எத்திங்களில் வந்தாலும் அங்கு நோன்பின் நேரம் 13 மணிக்குச் சற்று மிகுதியாகவே அமைகின்றது. வடநாடுகளிற்போல் குளிர்காலச் சலுகையும் இல்லை. கோடைகாலக் கடுமையும் இல்லை. நோன்பின் நீளம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றே. வளரக்கூடியது அதன் ஆழம் மட்டுமே.

தஞ்சோங் புத்ரி என்னும் சிற்றூர், 1866இல் அபூபக்கரின் ஆட்சியில் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. பின்னர்ச் சுல்தானான அவர், நீரிணையை நோக்கிய குன்றின்மேல் 1892இல் பெரும் பள்ளிவாசலொன்றைக் கட்டத் தொடங்கினார். 1895இல் அவர் மறைந்தார். பள்ளிவாசல் 1900இல் நிறைவெய்தியது. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த தமிழ் முஸ்லிம் வணிகரும் தொழிலாளரும் ஜொகூரிலும் குடியேறினர். அவர்களுள் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியராய் வாழ்ந்தோர்.

அத்தகையோர் தம்முடன் கொண்டுவந்த செல்வம் நோன்புக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் ஆகியவற்றோடு சிறிது கறியும் சேர்த்துப் பெரிய அண்டாவில் காய்ச்சப்படும் இக்கஞ்சி, அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல்களில் வழங்கப்படுகின்றது. தூக்குச் சட்டியுடன் வந்து நிற்போரிடையே முதலாளி, தொழிலாளி என்னும் வேறுபாடு இல்லை. பிற சமயத்தாரும் பெற்றுச் செல்வதுண்டு. குடும்பமற்ற தனியர்க்கு அந்த அண்டாவே குடும்பமாயிற்று எனலாம்.

எனினும், பசி தானாகவே மனிதனை உயர்த்திவிடுமா? இவ்வினாவைக் காலம் கடுமையாகக் கேட்டது. 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் பாருவை விட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. தொடர்ந்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. அக்காலத்திலும் இரமலான் வந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் இரமலான் மாதத்திலேதான். அவ்வாண்டுகளில் பசி எல்லார்மீதும் சுமத்தப்பட்டது. அப்பசியால் பதுக்கல்காரர்களும் பிறந்தனர். தம் கிழங்கில் பாதியைப் பகிர்ந்தோரும் இருந்தனர். சுமத்தப்பட்ட பசி மனிதனைச் சோதிக்கும். தானே விரும்பி ஏற்கும் பசிதான் அவனைப் பண்படுத்தும். பிறர் துன்பத்தைத் தன் உடலால் அறியும் வாய்ப்பு அதில் உண்டு.

அண்மைக் காலத்திலும் ஒரு சோதனை வந்தது. கொவிட் நோய்த்தொற்றால் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு தராவீஹ் தொழுகைக்குரிய பள்ளிவாசல்கள் வெறிச்சோடின. சிங்கப்பூரில் பணிபுரிந்த ஜொகூர்வாசிகள் பலர், 1924இல் திறக்கப்பட்ட பாலத்தின் மறுகரையில் குடும்பத்தைப் பிரிந்து இரு இரமலான்களைக் கழித்தனர். 2022 ஏப்ரல் 1இல் எல்லை மீண்டும் பரவலாகத் திறந்தது. ஏப்ரல் 3இல் நோன்பு தொடங்கியது. கூட்டுத் தொழுகையும் கஞ்சியும் இல்லாத நாள்களில் நோன்பாளிக்கு எஞ்சியது அவனும் அவன் இறைவனுமே. தனியறையில் ஒரு மிடறு நீர் பருகினாலும் எவரும் அறியார். ஆயினும் அவன் பருகுவதில்லை. நோன்பின் உள்ளீடு அதுவே.

பசியைப் பொறுக்கும் ஆற்றலினும் பிறர் பசியைப் போக்கும் ஆற்றலே பெரிதென்பது வள்ளுவர் கருத்து. இஸ்லாமும் நோன்பைப் பட்டினியோடு முடிப்பதில்லை. பெருநாள் தொழுகைக்கு முன்னரே, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் ஏறத்தாழ 2.7 கிலோ அரிசியோ அதன் விலையோ ஃபித்ராவாக ஏழையைச் சென்றடைதல் வேண்டும். தன்னை அடக்கக் கற்றவன் பிறர்க்கு ஈயக் கற்றானா என்பதே அம்மாதத்தின் இறுதித் தேர்வு. அதில் தேறியவனுக்கே பசி நோன்பாகின்றது.