ஒரு வெள்ளி கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள்

நம் கருத்துக்களத்துக்குக் கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, பல்கலைக்கழகத்துல தமிழ் வேணும்னு எங்கப்பா ஒரு வெள்ளி கொடுத்தவரு. அங்க இருக்கிற புத்தகத்த நான் படிக்க முடியுமா?" நேரலையில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே சொல்கிறேன்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கு அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறைக்கு ஆலோசனை கூற வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்றார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டப் பாட்டாளிகள்கூட ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழோடு தொடங்கியது. திரண்ட நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்குப் போனது.

துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் அதன் தலைமையை ஏற்ற தனிநாயகம் அடிகள், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இந்நகரில் நடத்தினார். அதே ஆண்டு தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலும் வெளியிட்டார். மாநாட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். பட்டியலை யார் நினைக்கிறோம்?

பிரிக்ஃபீல்ட்ஸில் எல்ஆர்டி ஏறினால் பல்கலைக்கழகம் சில நிறுத்தங்கள்தான். ஆனால் பொதுவாக, கல்வி நூலகம் என்றால் அட்டை உள்ளவருக்கு, ஆய்விதழ் என்றால் சந்தா கட்டியவருக்கு என்றே வழக்கம். 2002 பிப்ரவரியில் வந்த புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்க வேண்டும் என்றது. அதுவே திறந்த அணுகல்.

இலவசம் என்றாலும் செலவை யாரோ ஏற்கத்தான் வேண்டும். வாசகரிடம் வாங்காத பணத்தைச் சில பதிப்பகங்கள் எழுதியவரிடமே கறந்துவிடுகின்றன! நூலகங்கள் தேவைப்படுவது இங்கேதான். கட்டுரையை ஏற்றி, பட்டியலிட்டு, காலத்துக்கும் காப்பது அவற்றின் வேலை. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் மாணவர் களஞ்சியத்தில் பல ஆய்வேடுகள் இணையத்தில் உள்ளன. இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' இதழையும் காசில்லாமல் படிக்கலாம்.

பழைய நூல்களின் கதை வேறு. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் 50 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அதைக் கடந்தவற்றை மின்படியாக்கத் தடையில்லை. ஆளும் பணமும் வேண்டும், அவ்வளவுதான். இலங்கைத் தமிழரின் 'நூலகம்' திட்டம் 2005இல் தன்னார்வலர்களைக் கொண்டே தொடங்கியது.

ஆகவே ஐயா, ஆய்வேடும் இதழும் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும். அப்பாவின் வெள்ளி வாங்கித் தந்த புத்தகங்களுக்கு நேரில்தான் போக வேண்டும். புறப்படுமுன் நூலகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டு, வெளியாருக்கு அனுமதி எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.