பழைய டெல்டாவும் புதிய டெல்டாவும்: தஞ்சை மண் உருவான வரலாறு

தஞ்சாவூர் நகரின் வடக்கே திருவையாறு செல்பவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். வழியெல்லாம் நெல்வயல், மண் கருமை கலந்த களிமண். அதே நகரிலிருந்து தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை நோக்கிச் சென்றால் சில கிலோமீட்டருக்குள் மண் சிவந்துவிடும். நிலம் சற்று மேடாகும், தென்னையும் கடலையும் தென்படும். வடபகுதி பழைய டெல்டா எனவும், தென்பகுதி புதிய டெல்டா எனவும் அழைக்கப்படுகின்றன. இப்பெயர்கள் பாசனம் வந்த காலத்தைக் குறிப்பவை. மண்ணின் வயதை நோக்கினால் பெயர்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். புதிய டெல்டாவின் செம்மண்ணே மிகப் பழையது.

பழைய டெல்டாவின் மண் அங்கேயே பிறந்ததன்று. குடகு மலையில் தோன்றும் காவிரி மைசூர்ப் பீடபூமியின் நைஸ், கிரானைட் பாறைகளின் மீது ஓடி வருகிறது. நீலகிரிப் பக்கத்துப் பாறைத்துகளைப் பவானி கொண்டுவந்து சேர்க்கிறது. இப்பாறைகளிலுள்ள பெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து களியாகின்றன. பயிருக்கு வேண்டிய பொட்டாசியமும் அப்போது வெளிப்படுகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு பிரிந்த பிறகு நிலத்தின் சரிவு மிகவும் குறைகிறது. வேகம் தணிந்த வெள்ளம் கனமான மணலைக் கரையோரத்திலேயே போட்டுவிட்டு, நுண்ணிய களியை மட்டும் தொலைவுக்கு எடுத்துச் செல்லும். ஆகவே ஆற்றங்கரைகள் உயர்ந்தும், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட வயல்கள் தாழ்ந்தும் அமைந்தன. நீர் நன்றாக வடியும் கரையோரப் படுகை நிலத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் விளைய, தாழ்ந்த களிமண் வயல்கள் நெல்லுக்கு ஆயின. அந்தக் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சேறாக்கி உழுதுவிட்டால் தண்ணீரைக் கீழே விடாது. நெற்பயிருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

வண்டல் ஆழமாகப் படிந்த நாட்டில் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்ததற்கும், டெல்டாவின் பழைய கோயில்கள் பல முதலில் செங்கல் கட்டடங்களாக இருந்ததற்கும் காரணம் இதுவே.

வண்டலைக் கொடுத்த ஆறு அதே வண்டலால் தொல்லையும் கொடுத்தது. கொள்ளிடம் தாழ்வான, குறுகிய வழியில் கடலை அடைவதால் நீர் அதன் பக்கமே சாயும். காவிரியின் வாய் மணலால் மேடாகிக்கொண்டே வந்தது. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை இருந்தும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். பழைய டெல்டா பிழைத்தது.

தெற்கு மேட்டுக்கு அந்த நீர் ஏறவில்லை. வல்லம் தொடங்கிப் பரவும் இந்த மேட்டைக் காவிரி வெள்ளம் தொடாததால் புதிய வண்டல் அங்கே படியவேயில்லை. நெடுங்காலம் மழைநீர் மண்ணிலிருந்த சிலிக்காவையும் சுண்ணாம்பு, பொட்டாசியம் போன்ற சத்துகளையும் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. எஞ்சியவை இரும்பும் அலுமினியமும். அந்த இரும்பின் நிறமே செம்மண்ணின் சிவப்பு. அது இறுகிய இடங்களில் செம்பாறாங்கல் வெட்டி எடுக்கப்படுகிறது. (மூக்குக்கண்ணாடிக்குப் பயன்பட்ட வல்லம் படிகக் கற்களும் இந்த மேட்டில் கிடைத்தவையே.) இத்தகைய மண் நீரையும் உரத்தையும் அதிக நேரம் பிடித்துவைக்காது. ஏரிப் பாசனம் வாய்த்த இடங்கள் நீங்கலாக இது வானம் பார்த்த புஞ்சை நிலமாகவே இருந்தது.

1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது இந்நிலை மாறியது. அத்திட்டத்தில் புதிதாகச் சுமார் 3 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பகுதி கல்லணைக் கால்வாயை நம்பியது. ஏறத்தாழ 149 கி.மீ. நீளமுள்ள இக்கால்வாயை மக்கள் இன்றும் புதாறு என்றே சொல்கின்றனர். மேட்டின் சரிவைப் பற்றிச் செல்லும் அது பல இடங்களில் கரை கட்டித் தரைமட்டத்துக்கு மேலே கொண்டுபோகப்பட்டுள்ளது. தண்ணீர் வந்தது, நெல்லும் வந்தது. ஆயினும் வண்டல் வயலில் நாள்கணக்கில் நிற்கும் நீர், செம்மண் வயலில் விரைவாக இறங்கிவிடும். முறைவைத்து விடும் நீர் கடைமடைக்கு வருமுன் தீர்ந்துவிடுவது வழக்கமாயிற்று. காலப்போக்கில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் பெரிதும் தென்னைக்கு மாறின. ஆழ வேர்விடவும் நீர் வடியவும் இடம் தரும் அந்த மண்ணுக்கு அது பொருத்தமான தேர்வு.

கசிந்து இறங்கிய நீரும் வீணாகிவிடவில்லை. கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஊற்றானது. கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் போடும் பணி 2021இல் தொடங்கியபோது, விவசாயிகளில் ஒரு சாரார் நிலத்தடி நீர் குறையும் என்று எதிர்த்ததும், கடைமடைக்கு நீர் வேண்டியவர்கள் அதை விரும்பியதும் இதனால்தான். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு.

பழைய டெல்டாவுக்கு நேர்ந்த மாற்றம் இவ்வளவு வெளிப்படையானதன்று. மேட்டூரில் ஆறு தேங்கும்போது அது சுமந்துவந்த வண்டலின் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. ஆடிப்பெருக்கில் செந்நிறமாகப் பெருகிவந்து வயலுக்கு உரமூட்டிய வெள்ளம் அணைக்குக் கீழே தெளிந்து வருகிறது. அந்த இழப்பை இரசாயன உரம் ஓரளவு மறைத்துவிட்டது. 2017இல் முதன்முறையாக மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வண்டல் அள்ளும் பணி தொடங்கியது. தஞ்சை வயல்களுக்குப் போயிருக்க வேண்டிய அந்த மண், அணையைச் சுற்றியுள்ள ஊர்களின் விவசாயிகளுடைய நிலங்களுக்குச் சென்றது.