திரிபலையும் இத்ரீஃபலும்

பாரசீக மருத்துவம் கிரேக்கத்தின் வழிவந்ததே எனக் கூறி அமைவர் பலர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று என்பது எம் கருத்து. 10ஆம் நூற்றாண்டில், அறிவு நூல்கட்கு அரபியே உரியதென்றிருந்த காலத்தில், அபூ மன்சூர் முவஃபக் மருந்துப் பொருள்களைப் பற்றிப் பாரசீக உரைநடையில் நூலொன்று யாத்தார். கவிஞர் அசதீ தூசி 1056இல் எழுதிய அதன் படி வியன்னாவில் உளது. இந்திய மருத்துவர் நெறியையே தாம் மேற்கொண்டதாக ஆசிரியர் முன்னுரையிற் கூறுகின்றார்.

பெயர்கள் அதனினும் வலிய சான்று. கடுக்காய் பாரசீகத்தில் ஹலீலா, தான்றி, பலீலா, நெல்லி, ஆம்லா. ஹரீதகீ, விபீதகீ, ஆமலகீ என்னும் வடசொற்களோடு இவற்றுக்குள்ள உறவு வெளிப்படை. மூன்றும் கூடிய திரிபலை 'இத்ரீஃபல்' ஆயிற்று; அதனைத் தேனிற் குழைத்து இலேகியமாக வழங்கினர். ஆயினும், அக்காய்களின் வெம்மை, தண்மை, ஈரம், வறட்சிகளை அவர்கள் அளந்தது கிரேக்க மருத்துவர் காலென் வகுத்த படிகளாலேயே.