ரூபி மொழியில் ஹாஷ்: ஒரு தரவமைப்பின் உள்வரலாறு

ஒரு பெயரைக் கொடுத்து அதற்குரிய தரவைப் பெறும் வசதியை ரூபி நிரலாக்க மொழி ஹாஷ் என்னும் தரவமைப்பின் வழியே அளிக்கிறது. தேடுவதற்கு உதவும் பெயர் சாவி என்றும், அதனோடு இணைத்து வைக்கப்படும் தரவு மதிப்பு என்றும் வழங்கும். சாவியை ஒரு கணக்கீட்டின் மூலம் எண்ணாக மாற்றி, அவ்வெண் சுட்டும் நினைவக அறையில் பதிவை வைப்பதே இதன் அடிப்படை. எனவே பதிவுகள் பெருகினாலும் தேடலுக்கு ஆகும் நேரம் சராசரியாக ஏறக்குறைய மாறாதிருக்கிறது. இரு வேறு சாவிகள் ஒரே அறையைச் சுட்டினால் அது மோதல் எனப்படும். அதைத் தீர்க்கும் முறையே இவ்வமைப்பின் வரலாற்றைப் பெரிதும் வடிவமைத்தது.

முதல் தீர்வுகள் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தன. 1953 ஜனவரியில் ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு, மோதும் பதிவுகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக வைக்கலாம் என்றது. ஏறக்குறைய அதே காலத்தில் ஐபிஎம் 701 கணினிக்கு மென்பொருள் எழுதிய குழுவைச் சேர்ந்த ஜீன் அம்டால், அறை நிரம்பியிருந்தால் அடுத்தடுத்த அறைகளில் வெற்றிடம் தேடும் முறையைக் கண்டார்; இது திறந்த முகவரியிடல் எனப் பெயர் பெற்றது.

1977இல் உருவான ஆக், 1987இல் வெளிவந்த பெர்ல் ஆகியவை இவ்வமைப்பை மொழியின் அங்கமாகவே தந்தன. பெர்லிடமிருந்து பலவற்றை ஏற்ற யுகிஹிரோ மாட்சுமோட்டோ, 1995இல் ஜப்பானில் வெளியிட்ட ரூபியிலும் அதற்கு இடமளித்தார். உள்ளே இயங்கியது, பெர்க்லியில் பீட்டர் மூர் எழுதிப் பொதுவுடைமையாக விட்ட சங்கிலிமுறை நிரல்தொகுப்பு. அறையொன்றுக்குச் சராசரியாக ஐந்து பதிவுகள் என்ற வரம்பு மீறப்பட்டதும் அது அறைகளைப் பெருக்கிப் பதிவுகளை மறுபடி பகிர்ந்தளித்தது.

அக்காலத்தில் ஹாஷில் இட்ட வரிசையிலேயே பதிவுகள் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2007 டிசம்பரில் வெளியான 1.9ஆம் பதிப்பு அவ்வுறுதியை வழங்கியது. ஆனால் அதற்காக ஒவ்வொரு பதிவும் தனக்கு முன்னும் பின்னும் சேர்க்கப்பட்டவற்றின் முகவரிகளைக் கூடுதலாகச் சுமக்க நேர்ந்தது.

அடுத்த நெருக்கடி பாதுகாப்பைச் சார்ந்தது. வேண்டுமென்றே மோதும் சாவிகளை ஏராளமாக அனுப்பி இணையச் சேவையகங்களைத் திணறடிக்க முடியும் என்பது 2011 இறுதியில் பல மொழிகளின் செயலாக்கங்களில் மெய்ப்பிக்கப்பட்டது. எண்ணாக்கக் கணக்கீட்டில் ரகசியத் தற்போக்கு எண் ஒன்றைக் கலப்பது முதல் தற்காப்பாயிற்று. அதுவும் எல்லாக் கணக்கீடுகளுக்கும் போதாதெனத் தெரிந்ததால், 2012இல் ரூபி சிப்ஹாஷ் என்னும் உறுதியான முறைக்கு மாறியது.

2016 டிசம்பரில் வந்த 2.4ஆம் பதிப்பில் விளாதிமிர் மகரோவின் மறுவடிவமைப்பு சங்கிலியைக் கைவிட்டுத் திறந்த முகவரியிடலை ஏற்றது. பதிவுகள் சேர்ந்த வரிசையிலேயே ஓர் அணியில் அடுத்தடுத்து அமர, தேடலுக்கான அறைகள் அவ்வணியின் இட எண்களை மட்டும் தாங்கின. அடுத்தடுத்துள்ள தரவை இன்றைய செயலிகள் விரைந்து படிப்பதால் வேகம் கூடியதோடு, முன்பு கூடுதல் முகவரிகளால் காக்கப்பட்ட வரிசை இப்போது அமைப்பின் இயல்பாகவே கிடைத்தது. பயனருக்கு அளித்த வாக்குறுதியொன்று உள்ளமைப்பின் வடிவத்தையே தீர்மானித்தது என்பதே இம்மாற்றத்தின் சிறப்பு.