குறத்தியை மடக்கிய கேள்வி

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நம் பள்ளிகள் பல தலைமுறையாக மலை வருணனைக்காகவே வைத்துக்கொண்டிருக்கின்றன. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. கூட்டிய சபையும் கவிதையைச் சுவைக்கத்தான் கற்றுக்கொடுத்தது. சுவைக்கட்டும், தவறில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்த நாடகம், வாய்ஜாலத்தை எடைபோடவும் பழக்குகிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அந்தப் பாடமே அதிகம் தேவை. நாடகத்தில் குறத்தி வந்ததும் குறி சொல்லிவிடுவதில்லை. முதலில் தன் மலைவளத்தைப் பாடுகிறாள். பிறகு கொச்சி, கொங்கு, ஈழம், தஞ்சை, மதுரை என்று தான் விருது வாங்கிய ஊர்களை அடுக்குகிறாள். தென்காசிக் கோயில் எழும் என்று பாண்டியனுக்குக் குறி சொன்னதும் தன் கூட்டமே என்கிறாள். பராக்கிரம பாண்டியன் அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1446-இல். கோயில் கண்ணெதிரே நிற்கிறது, அதை யாரும் சரிபார்க்கலாம். குறி சொன்ன கதையைச் சரிபார்க்க வழியே இல்லை. முன்னதன் உறுதியைப் பின்னதற்கும் கடன் வாங்குகிற சாமர்த்தியம் அது. குற்றாலச் சீசன் நேரத்தில் சர்வரோக நிவாரணி விற்கும் எவரும் இதே வரிசையில்தான் பேசுவார்.

குறி கேட்கும் நாடகத் தலைவி வசந்தவல்லி லேசில் மசிவதில்லை. உனக்குக் காதல் நோய் என்றதும் சீறுகிறாள். குறி மெய்யானால் காதலன் பேரையும் ஊரையும் சொல் என்று மடக்குகிறாள். குறத்தியோ சிலேடையில் நழுவப் பார்க்கிறாள். வாதத்தைச் சோதிக்க மணிமேகலையின் 29-ஆம் காதை போதாதா என்று கேட்கலாம். ஏதுவையும் அதன் போலிகளையும் அது நுட்பமாகவே வகுக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதில் அந்தக் கலைச்சொற்களைத் தாண்டுவதற்குள் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். இன்னொரு மறுப்புக்குப் பலம் அதிகம்: குறி பலித்துவிடுகிறதே, இது நம்பச் சொல்லும் கதை ஆகாதா? முடிவு சரியாக இருப்பதாலேயே அதற்குச் சொன்ன காரணமும் சரியாகிவிடாது. வசந்தவல்லி நிலவைப் பழித்து வாடிக் கிடந்தவள். முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்திருக்கும், கைரேகை எதற்கு? குறத்தியை ஏமாற்றுக்காரி ஆக்கி ஒரு சமூகத்தையே இழிவுபடுத்துவதாகாதா என்ற கவலையும் நியாயமானது. அதனால் வகுப்பில் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது; கேட்பவளையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். காதலன் குற்றாலத்து இறைவன் திரிகூடநாதர் என்று குறத்தி சொன்னதும் வசந்தவல்லியின் கேள்விகள் நின்றுபோகின்றன, நகைகள் கைமாறுகின்றன. அவள் இன்னும் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.