உப்புக் கணக்கர் எழுதிய வள்ளி

சென்ற வாரம் மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமாகப் பார்த்தோம். வள்ளல் நல்லியக்கோடனைத் தேடிச் சிறிய யாழோடு பாணர்கள் நடந்த கரை அது. இந்த வாரம், பாத்திகளும் உப்புக் குவியல்களும் கண்ணைக் கூசவைக்கும் அதே கரையிலிருந்து தெற்கே போகிறோம்.

வழியில் காலாப்பட்டு. இங்குள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். அதற்குத் தலைமை வகித்த இந்திரா பார்த்தசாரதி, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் இசைக்காவியத்தை ‘நந்தன் கதை’ ஆக்கியவர். பாரதியிடம் நந்தனைப் புனிதனாக்கிய நெருப்பு, இவரிடம் சாதியின் சூழ்ச்சியாகிறது. அது எழுத்தாளரின் பேனா செய்த மாற்றம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகம் மாறிய விதமே வேறு.

அதை எழுதிய சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் அதை உதறிவிட்டு மேடைக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன் என அஞ்சவைக்கும் வேடங்கள் கட்டினார், பிறகு வாத்தியாரானார். 1918-இல் அவர் மதுரையில் தொடங்கிய பால சபாவில் பயின்ற சிறுவர்கள்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். காலாப்பட்டைத் தாண்டிக் கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. உப்பில் தொடங்கிய வாழ்வு இந்த உப்புக் கரைக்குப் பக்கத்திலேயே அடங்கியதை எண்ணாமல் என்னால் இந்தச் சாலையில் போக முடிவதில்லை.

‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகமாக நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாரதர் ஓர் ஊர்க்காரர், வள்ளி இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, நாடகத்தன்று கூடுவார்கள். ஆர்மோனியம் சுருதி பிடித்ததும் விடிய விடிய நாடகம் நடக்கும். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடல்களும் காட்சி வரிசையும்தான். நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்தில் அன்றைய ஊர் நடப்பெல்லாம் வந்துவிடும். நாடகம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் அதுதான். இக்கால ரசிகருக்காக இரண்டு மணி நேரமாகச் சுருக்க நினைப்பவர்கள் வேறெதைக் குறைத்தாலும் சரி, தர்க்கத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது என்பேன்.

ஊர் நடப்பைச் சேர்க்க நாடகம் தரும் இந்த இடைவெளியை முழுதாகப் பயன்படுத்தியவர் சிவகாசியில் பிறந்த நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கதை அல்லவா? மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டு அதற்குள் இயல்பாகப் பொருந்தியது. கொக்கு யார் என்று தரை டிக்கெட்டில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, வெள்ளையர் ஆட்சியின் போலீசுக்கும் புரிந்தது. சுவாமிகளின் கதையில் ஒரு காட்சியும் மாறாமலே, முருகன் விடுதலை வீரனாகிவிட்டான். அதற்காகத் தாஸ் பலமுறை சிறை சென்றார்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். உடல் நலிந்திருந்தும் தாஸ் வேடம் கட்டினார். மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.