பால் பத்தலை என்று சொன்னது யார்?

எங்கள் மூத்த மகன் 1974-இல் பிறந்தான். பிரசவ வார்டுக்குப் போனபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பால் பவுடர் டின் இருந்தது. டின்னின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படம். "தாய்ப்பால் மட்டும் பத்தாது சார், இதையும் சேர்த்துக் குடுங்க" என்றார் நர்ஸம்மா. நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாலு எழுத்து படித்தவன் என்ற நினைப்பு வேறு. டின் பால்தான் நாகரிகம், அதில்தான் சத்து என்று நம்பிவிட்டேன்.

"ஆறு பிள்ளை வளர்த்தேன், எந்த டப்பாவை வாங்கினேன்?" என்று என் அம்மா முணுமுணுத்தார். யார் கேட்டார்கள்? அம்மாவையும் முழுசாகப் புகழ்ந்துவிட முடியாது. சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கீழே விடச் சொல்லி, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தவரும் அவர்தான். நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த அந்த மஞ்சள் பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து என்று எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது.

டின் சீக்கிரம் தீர்ந்தது. என் சம்பளத்தில் அடுத்த டின் வாங்க முதல் தேதி வரவேண்டும். அதனால் நாலு கரண்டி போடவேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போட்டோம். இரண்டாம் மாதத்தில் என் மனைவிக்குப் பால் வற்றிவிட்டது. மூன்றாம் மாதம் பிள்ளைக்குப் பேதி. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். "எனக்குப் பால் பத்தலை, அதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று என் மனைவி அழுதாள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கண்டதையும் படிக்கும் பழக்கம் வந்தது. அப்படிப் படித்ததில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1893-இல் ஜமைக்காவில் பிறந்தவர். இன்றைய கானாவில், அன்று கோல்ட் கோஸ்ட், காலனி அரசின் மருத்துவராக வேலை பார்த்தார். அங்கே உடம்பு வீங்கி, தோல் உரிந்து செத்துப்போகும் குழந்தைகளைக் கண்டார். இதற்கு என்ன பெயர் என்று தாய்மார்களையே கேட்டார். 'குவாஷியோர்கர்' என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலை விட்டு விலக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். புரதக் குறைவால் வருவது என்று அவர் கருதிய இந்த நோயை 1930-களில் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

பிறகு மலாயாவுக்கு மாற்றலானார். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு காட்சி. பால் டின் விற்பவர்கள் நர்ஸ் மாதிரி உடை உடுத்திய பெண்களைப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனிப்பான கண்டென்ஸ்டு மில்க்கை நம்பித் தாய்ப்பாலை நிறுத்திய வீடுகளில் குழந்தைகள் செத்தன. 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தபோது, அவர் தம் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. இந்தச் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று நேருக்கு நேர் சொன்னார்.

போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் அவரையும் சிறைப்பிடித்தார்கள். சாங்கி முகாமில் பட்டினிக்கு நடுவே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சிறையில் அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தாய்க்குப் பால் பத்தியிருக்கிறது. மூன்று வேளை சாப்பிட்ட என் மனைவிக்கு ஏன் பத்தவில்லை?

விடை எளிது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை சப்புவது குறையும், பாலும் குறையும். பால் குறைந்ததால் டின் வந்தது என்று நாங்கள் நினைத்தோம். டின் வந்ததால்தான் பால் குறைந்தது. வற்றிய பிறகு டின்னை விட்டால் வேறு வழி கிடையாது. விலை கட்டாமல் தண்ணீரைக் கூட்டுவோம். சரியாகக் கொதிக்க வைக்காத புட்டியும் நிப்பிளும் பேதியைக் கொண்டுவரும். எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதான்.

என் மகன் பிறந்த அதே 1974-இல்தான் பிரிட்டனில் 'வார் ஆன் வாண்ட்' என்ற அமைப்பு, ஏழை நாடுகளில் நடக்கும் இந்த வியாபாரத்தை அம்பலப்படுத்திச் சிறு நூல் வெளியிட்டது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981-இல் உலக சுகாதார சபை இந்த விற்பனைக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118 நாடுகள், எதிர்ப்பு அமெரிக்கா மட்டும். 1992-இல் இந்தியா சட்டமே போட்டது. விளம்பரம் கூடாது, இலவச டின் கூடாது, டின்னின் மேல் குழந்தைப் படமும் கூடாது. அதே ஆண்டில்தான் சிசிலி வில்லியம்ஸ் காலமானார்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பேதியும் சளிக்காய்ச்சலும் குறையும். வளர்ந்த பிறகு உடல் பருக்கும் வாய்ப்பும் குறைவு என்கிறார்கள். பால் கொடுத்த தாய்க்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் குறைகிறது. உடல்நிலை காரணமாகக் கொடுக்கவே முடியாத தாய்மாரும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதையெல்லாம் ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்போ என் பால்ல குறை இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டே இருந்தேங்க" என்றாள். அவ்வளவுதான்.

மூத்தவனின் மகளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருக்கப் போவது என் மனைவிதான். "யாராவது அவகிட்ட பால் பத்தலைன்னு சொல்லட்டும், பார்த்துக்கிறேன்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.